ஸ்டீயரிங்குடன் ஒரு பஸ் பயணம்!

கார் ஸ்டீயரிங்கை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் எப்போதாவது மாநகரப் பேருந்தில் ஏறியிருக்கிறீர்களா? நான் ஏறியிருக்கிறேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில். காலை பத்தரை மணிக்கு. ஆபீஸ் கூட்டத்தோடு.

கண்டக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். ஸ்டீயரிங்கை ஒருமுறை பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி, "அண்ணே! உங்களை ரிலீவ் பண்ண ஆள் வந்தாச்சு. சொந்த ஸ்டீயரிங்கோட வந்திருக்காரு!" என்று குரல் கொடுத்தார்.

பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரப் பாட்டி மட்டும் சிரிக்காமல், "ஏம்ப்பா, மீதி வண்டியைத் திருடிட்டாங்களா?" என்று பரிவாக விசாரித்தார்.

"இல்லை பாட்டி, வீட்டுல பத்திரமா இருக்கு."

"இருக்காம? இனிமே எவன் அதை ஓட்டிக்கிட்டுப் போக முடியும்!"

என் அண்ணனும் இதையேதான் சொன்னார். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்கு 76 வயது. கப்பலில் என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் ஒரு எம்.ஜி.பி. இருக்கிறது. 1972 மாடல். இரண்டே ஸீட். துணிக் கூரை. 'எம்.ஜி.' என்றதும் தெருப் பையன்கள், "ஹெக்டரா தாத்தா?" என்று கேட்கிறார்கள். 2019-ல் அந்த இரண்டு எழுத்தோடு இந்தியாவுக்கு வந்த உயரமான கார் அது. பெரியப்பாவிடம் இருப்பது தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம்தான் எம்.ஜி. 1962-லிருந்து 1980 வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்ற சின்ன ஊரில் இந்த எம்.ஜி.பி.யைத் தயாரித்தார்கள். பின்னால் கூரை வைத்து வந்த ஜி.டி.யையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல். அதில் ஒன்று எப்படியோ கடல் கடந்து, நாலு கை மாறி, 1984-ல் பெரியப்பாவிடம் வந்து மயிலாப்பூரில் செட்டிலாகிவிட்டது.

ஸ்டீயரிங்குக்கு மேலே தோல் போட்டிருக்கும். நாற்பது வருஷ வியர்வையில் அது தேய்ந்து, பளபளத்து, வெயில் நாளில் பிசுபிசுத்தது. போன பங்குனியில் பெரியப்பா பிளாட்பாரத்தில் 350 ரூபாய்க்கு ஒரு மாட்டுகிற கவரை வாங்கி அதன் மேல் மாட்டினார். பழைய கார் ஸ்டீயரிங் ஒல்லி. கவரோ இந்தக் காலத்துக் குண்டு ஸ்டீயரிங்குக்குச் செய்தது. அப்பா சட்டையைப் பையன் போட்டுக்கொண்ட மாதிரி தொளதொளவென்று நின்றது.

திருவான்மியூரில் ஒரு திருப்பம். பெரியப்பாவின் கை திரும்பியது. கவரும் திரும்பியது. ஸ்டீயரிங் திரும்பவில்லை. கார் நேராகப் போய் ஓரமாக நின்றிருந்த மோர் வண்டியில் இடித்தது. நல்லவேளை, வேகம் இல்லை. யாருக்கும் அடி இல்லை. பானை மட்டும் உடைந்தது. பெரியப்பா சட்டையெல்லாம் மோர். பானைக்கும் மோருக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அன்று ராத்திரியே அண்ணன் கார் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "போதும்ப்பா. அடுத்த தடவை மோர் வண்டியா இருக்காது" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

பெரியப்பா தரப்பு வாதமும் ஒரே வாக்கியம்தான்: "என் கை வழுக்கலைடா, கவர்தான் வழுக்கிச்சு."

இரண்டு பேரும் அதற்கப்புறம் இதைப் பற்றிப் பேசவில்லை. பெரியப்பா தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போவார். ஓடாத காரில் அரைமணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து வந்து டி.வி. பார்ப்பார். நாலு மாதம் இப்படியே போனது.

ஆடி மாதத்தில் ஒருநாள் எனக்கு போன். "நீ வீட்டுல உட்கார்ந்து எழுதறவன்தானே? பகல்ல சும்மாத்தானே இருப்பே?"

(பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.)

"ஸ்டீயரிங்குக்குப் புதுத் தோல் போடணும். ஒழுங்கா, தைச்சு. அப்புறம் சாவியைக் கேட்கிறேன். அவன்கிட்ட இப்போ மூச்சு விடாதே."

மந்தைவெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். சாவி பீரோவில் இருக்கிறதே என்றேன். "கூரையே இல்லாத வண்டிக்கு எதுக்கு ஸார் சாவி?" என்று தாண்டி உள்ளே குதித்துவிட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். நடுவில் இருந்த ஹாரன் மூடியைப் பெயர்த்தார். உள்ளே ஒரு பெரிய நட்டு. ஸ்டீயரிங்கிலும் நடுத் தண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டார். மறுபடி மாட்டும்போது கோணலாகப் போகாமல் இருக்க. நட்டைத் தளர்த்தியவர் முழுக்கக் கழற்றாமல் நாலு மரை மிச்சம் வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார்.

"ஏன் முழுசாக் கழட்டலை?"

"கழட்டிட்டு இழுத்தா, பிடி விட்டதும் நேரா மூஞ்சியில வந்து அடிக்கும் ஸார். என் குருநாதருக்கு முன் பல்லு ரெண்டும் இப்படித்தான் போச்சு."

வாசகர்களே, இதை நீங்களும் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். இது ஏர்பேக் இல்லாத பழைய கார். இன்றைய கார்களில் அந்த நடு மூடிக்கு உள்ளேதான் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. அதில் தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை விட்டால் பல் இரண்டோடு நிற்காது. அதற்கென்று பழகிய ஆள்தான் கைவைக்க வேண்டும்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த அண்ணன், ஸ்டீயரிங் இல்லாத காரைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கோபப்படவில்லை. "இப்போதான் எனக்கு நிம்மதி. இனிமே சாவியை ஆணியிலேயே மாட்டலாம்" என்றார்.

மறுநாள்தான் அந்த பஸ் பயணம்.

எல்.ஐ.சி. கட்டடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மவுன்ட் ரோட்டிலிருந்து ராயப்பேட்டை பக்கம் பிரிகிறது ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. முழுப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜி.பி. ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். காருக்கு என்னென்ன அலங்காரம் உண்டோ அத்தனையும் இந்த ஒரு தெருவில் கிடைக்கும். கல்யாணப் பெண்ணுக்கு தி. நகர், காருக்கு ஜி.பி. ரோடு. இங்கே காரில் மெதுவாகப் போனால் நாலு பையன்கள் கூடவே ஓடி வந்து, "ஸீட் கவர் ஸார்? மேட் ஸார்? கேமரா ஸார்?" என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். நடந்து போகிறவனைச் சீந்த ஆள் இருக்காது. ஆனால் கையில் ஸ்டீயரிங்கோடு நடந்து போகிறவனைப் பார்த்து அந்தத் தெருவே கொஞ்சம் குழம்பித்தான் போனது.

முதல் கடையில் புலித்தோல் டிசைனில் ஒரு கவரை மாட்டிக் காட்டினார்கள். தொளதொள. மோர்ப் பானை கண்ணுக்குள் வந்து போனது. "தைக்கிற மாதிரி வேணும், லெதர்ல" என்றேன்.

இரண்டாவது கடைக்காரர் கறுப்பாக ஒன்றை எடுத்துப் போட்டு, "ப்யூர் லெதர் ஸார்" என்றார். பாக்கெட்டில் 'பி.யு. லெதர்' என்று போட்டிருந்தது.

"பி.யு.ன்னா?"

"ப்யூர் ஸார்!"

பி.யு. என்றால் பாலியூரிதேன். துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக் பூச்சு. நம் ஊர் வெயிலில் நாலைந்து வருஷம் நின்றால் வெங்காயத் தோல் மாதிரி உரிய ஆரம்பிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நெசவு தெரிந்தால் துணி. பூனை முதுகு மாதிரி பூப்பூவாக நார் தெரிந்தால் தோல். நான் திருப்பிப் பார்த்ததும் கடைக்காரருக்கு என் மேல் மரியாதை வந்துவிட்டது. "அப்போ நீங்க பாய்கிட்டதான் போகணும்" என்று பக்கத்துச் சந்தைக் காட்டினார்.

சந்துக்குள் ஒரு மாடிப்படி. ஒரு ஆள் மட்டும் ஏறலாம். ஸ்டீயரிங்கோடு ஏறுவதானால் பக்கவாட்டில்தான். மேலே பத்துக்குப் பத்து அறை. ஒரு தையல் மெஷின், ஒரு மர பெஞ்ச், சுவரில் ஆணி ஆணியாக ஸ்டீயரிங்குகள். பாய்க்கு அறுபது வயதிருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி.

நான் கதை சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கைரேகை ஜோசியர் மாதிரி ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வயசானவரா?"

"ஆமாம். எப்படி…"

"இங்க பாருங்க. வலது பக்கம் மட்டும் தோல் கண்ணாடியா ஆயிருக்கு. இடது பக்கம் அவ்வளவு தேயலை. இடது கை பாதி நேரம் கியர்லயே இருந்திருக்கு. அந்தக் காலத்துப் பழக்கம்." பிறகு வலது பக்கத் தேய்மானத்துக்கு மேலே சின்னச் சின்னப் பிறை மாதிரி இருந்த கீறல்களைத் தடவினார். "கட்டை விரல் நகம். பாட்டுக் கேட்டுக்கிட்டே தாளம் போடுவாரோ?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. பெரியப்பாவுக்கு டிராஃபிக் சிக்னலில் ஆதிதாளம் போடாமல் இருக்க முடியாது. காரில் பாட்டே ஓடாவிட்டாலும் போடுவார்.

"தைச்சுத் தரேன். தோல் நல்லதா வேணும். பெரியமேட்டுக்குப் போகணும். நீங்க மட்டும் போனா உங்க தலையில ஜாக்கெட் தோலைக் கட்டிடுவாங்க. இருங்க, நானும் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆட்டோ புதுப்பேட்டை வழியாகப் போனது. உங்கள் காரில் எது காணாமல் போனாலும் அதே சாமான் கிடைக்கும் என்று சொல்லப்படுகிற பேட்டை. தெருவின் இரண்டு பக்கமும் கதவு, பம்பர், என்ஜின் என்று மலை மலையாகக் குவிந்திருந்தது. பாய் தன் துண்டை எடுத்து ஸ்டீயரிங்கை மூடினார். "வெளியே தெரிஞ்சா சிக்னலுக்குள்ள மூணு பேர் விலை கேப்பாங்க."

எழும்பூர் தாண்டி, சென்ட்ரலுக்குப் பின்னால், நேரு ஸ்டேடியம் பக்கத்தில் பெரியமேடு. இதை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். புது ஷூ டப்பாவைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, அதை ஒரு பேட்டை முழுக்கப் பரப்பினால் எப்படி இருக்கும்? அப்படி. மீன்பாடி வண்டிகளில் கட்டுக் கட்டாகத் தோல் போகிறது. குடோன் வாசல்களில் பெட்ஷீட் மாதிரி மடித்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கத்தில் பதனிட்ட தோல் இங்கே வந்துதான் விலை பேசப்படுகிறது.

சென்னைக்கும் தோலுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கம். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் போட்டுத் தோலை ஊறவைத்தார்கள். கெட்டியான, பழுப்பு நிறத் தோல் வரும். பிறகு குரோமிய உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடியும், தோல் மெத்தென்று இருக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். வெயிலில் காயும் காருக்கு அதுதான் சரி என்றார் பாய்.

ஆனால் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கேட்டால் தெரியும். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் கழிவு நீரைச் சுத்திகரித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நாம் கையில் பிடிக்கிற ஒரு சாண் தோலுக்குப் பின்னால் ஓர் ஆற்றின் கதையும் இருக்கிறது.

குடோன்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி. ஷூவா, பையா, ஜாக்கெட்டா?" என்றார்.

"ஸ்டீயரிங்."

அவர் பாயைப் பார்த்தார். பாய் தலையாட்டினார். அதற்குப் பிறகு நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. பாய் ஒவ்வொரு தோலாக எடுத்து, விரலிடுக்கில் உருட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கி, இழுத்துப் பார்த்துத் தள்ளினார். கூடவே எனக்குப் பாடம். ஜாக்கெட் தோல் மெல்லிசு. இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், நாலு மாதத்தில் ஸ்டீயரிங்கில் சுருங்கி நிற்கும். ஷூ தோல் தடி; ஒல்லியான வளையத்தில் வளையாது. வேண்டியது நடுவாந்திரம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒட்டி. மாட்டின் வயிற்றுப் பக்கம் இழுபடும், முதுகுப் பக்கம் இழுபடாது. அதனால் முதுகில்தான் வெட்ட வேண்டும்.

"எல்லாரும் முதுகையே கேட்டா வயித்தை நான் என்ன பண்றது?" என்றார் குடோன்காரர்.

"உங்களுக்கு முதுகு, எனக்கு வயிறு பாய்" என்று இவர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். தொழில் ஜோக். எனக்குப் புரியவில்லை. கடைசியில் ஏற்றுமதி சாம்பிளுக்கு வெட்டியதில் மிச்சமிருந்த ஒரு முதுகுத் துண்டு கிடைத்தது. கறுப்பு. மூன்று சதுர அடி. சதுர அடி 180 வீதம் 540 ரூபாய்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்து கூலி பேசினோம். பாய் 3,500 கேட்டார். தோல் என்னுடையது; நூல், சொல்யூஷன் அவருடையது.

இந்த இடத்தில் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தான். டீ பில்லின் பின்னால் கணக்குப் போட்டேன். நூலும் சொல்யூஷனும் 100. ஒருநாள் கூலி 1,000. ஆக 1,100. அதன் மேல் லாபம் 20 சதவிகிதம் 220. மொத்தம் 1,320. காகிதத்தைப் பெருமையோடு அவர் பக்கம் தள்ளினேன்.

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு ஸார். ஆனா ஒருநாள் கூலிதானே போட்டிருக்கீங்க. நாளைக்குத் தைச்சா நாளன்னைக்கு என் விரல் மடங்காது. ஊசி பிடிக்க முடியாது. அந்த நாளன்னைக்கு எங்கே?"

கையை நீட்டினார். இரண்டு ஆள்காட்டி விரலிலும் முதல் கணுவில் நூல் இழுத்து இழுத்து வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்திருந்தது.

காஸ்டிங் பேப்பரில் நான் 42 மார்க் வாங்கியது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டீ பில்லை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "3,500" என்றேன். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

"ஒண்ணு மட்டும். நாளைக்கு அந்தப் பெரியவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. அவர் கையை நான் பார்க்கணும்" என்றார் பாய்.

மறுநாள் பெரியப்பா அந்தச் சந்து மாடிப்படியைக் கப்பல் ஏணி ஏறுகிற லாகவத்தில் ஏறினார். பாய் பழைய தோலை ஏற்கனவே பிரித்து, அதையே அளவுக்கு வைத்துக்கொண்டிருந்தார். உரித்த ஸ்டீயரிங் கோழி மாதிரி பரிதாபமாக இருந்தது.

"ஐயா, இதைக் கெட்டியாப் பிடிங்க."

பெரியப்பா பிடித்தார். நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. உள்ளங்கைக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு பென்சில் போகிற அளவு இடைவெளி இருந்தது. நாலு மாதம் சாயங்காலம் ஷெட்டில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தாரே, அவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

பாய் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய ரப்பர் ஃபோமை ஒரு சுற்று சுற்றி, மறுபடி பிடிக்கச் சொன்னார். இன்னொரு சுற்று. மறுபடி. இடைவெளி மறைந்தது. "இதுதான் ஐயா உங்க கை அளவு" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

அன்று முழுக்க நாங்கள் அங்கேயே இருந்தோம். சுற்றளவு ஏறக்குறைய நாலடி. தோலை மூன்று துண்டாக வெட்டினார். துண்டுகள் சேருகிற இடமெல்லாம் நடுக் கம்பிகளுக்கு அடியில் மறைந்துவிடும். அகலத்தில் வேண்டுமென்றே மூன்று மில்லிமீட்டர் குறைத்தார். "சரியான அளவுல வெட்டினா தொளதொளன்னு ஆயிடும். பத்தாம இருந்தாத்தான் இழுத்துப் பிடிக்கும்." ஓரங்களைக் கத்தியால் காகிதம் போலச் சீவினார். மெஷினில் இரண்டு ஓரத்திலும் ஒரு வரி தையல் ஓட்டினார். பிறகு ஈரத் துணியால் தோலைத் துடைத்து, வளையத்தில் போர்த்தி, உள்பக்கமாகக் கைத்தையல். ஒரே நூல், இரண்டு பக்கம் இரண்டு ஊசி. ஷூ லேஸ் மாதிரி குறுக்கும் மறுக்கும். ஊசி தோலைக் குத்தவே இல்லை. ஏற்கனவே போட்ட மெஷின் தையலுக்குள் மட்டும் நுழைந்து வந்தது. "தோலைக் குத்தி இழுத்தா ஓட்டை நாளாக நாளாகக் கிழியும்" என்றார்.

ஒவ்வொரு தையலுக்கும் ஓர் இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் நூல் அந்த விரல் வாய்க்காலில் போய் உட்கார்ந்தது. இருநூறு தையலுக்கு மேல். நான் நூறு வரை எண்ணிவிட்டு சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெரியப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பாய்க்குக் கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மாதத்தில் அவர் அவ்வளவு பேசி நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு, சுருக்கம் இருந்த இடங்களில் ஹேர் டிரையர் சூடு காட்டித் தடவிவிட்டு, ஸ்டீயரிங்கை நீட்டினார் பாய். வாங்கி இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன். இம்மி நகரவில்லை. (உங்கள் காரில் மாட்டுகிற கவர் இருந்தால் இன்றைக்கே இப்படி முறுக்கிப் பாருங்கள். நகர்ந்தால் கழற்றி எறிந்துவிடுங்கள். 350 ரூபாய்தான் நஷ்டம்.)

பழைய தோலை ஒரு பையில் போட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்தார் பாய். "ஐயா, ஒரு விஷயம். கை வழுக்காம நான் பண்ணிட்டேன். என்னால அதுதான் பண்ண முடியும்."

பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

கோடு பார்த்து ஸ்டீயரிங்கை மாட்டினோம். ஹாரன் அடித்தோம். அண்ணன் வந்து முறுக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி. ஞாயித்துக்கிழமை விடிகாலைல. பீச் ரோடு மட்டும். நான் பக்கத்துல உட்காருவேன்" என்று சாவியைக் கொடுத்தார்.

ஞாயிறு ஐந்தரை மணி. இரண்டே ஸீட் என்பதால் நான் ஸ்கூட்டரில் பின்னால். கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பினோம். பெரியப்பா அற்புதமாக ஓட்டினார். கியர் மாற்றுவது வெண்ணெய். வாக்கிங் போனவர்கள் நின்று கையாட்டினார்கள். காந்தி சிலை, கண்ணகி சிலை எல்லாம் தாண்டி உழைப்பாளர் சிலைக்கு முன்னால் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

இறங்கினார். சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார்.

"இறங்குடா. நீ ஓட்டு."

"ஏன்ப்பா? நல்லாத்தானே ஓட்டறீங்க?"

"சைக்கிள்ல ஒரு பால்காரன் குறுக்கே வந்தானே, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நான் பார்க்கலை. நீ காலால பிரேக்கை அமுக்கற மாதிரி தரையை அமுக்கினியே, அப்போதான் பார்த்தேன்."

அண்ணன் பேசவில்லை. பெரியப்பா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்குக் கவர் வழுக்கினது நிஜம்தான்டா. ஆனா வழுக்கின அப்புறம்தான் அந்த மோர் வண்டியே என் கண்ணுல பட்டது. அதைத்தான் உன்கிட்ட சொல்லலை."

சாவியை அண்ணன் கையில் வைத்தார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல், அப்பாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது அண்ணன் ஓட்டினார். பதினைந்து வருஷமாக ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர். கியர் கரகரவென்று கத்தியது. "கிளட்ச்! கிளட்ச்சை மிதிடா!" என்ற குரல் பின்னால் வந்த எனக்கே கேட்டது. பெரியப்பாவின் கட்டை விரல் இடது பக்கக் கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி நின்றது. பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"தோல் புதுசு போல ஸார்… டிரைவரும் புதுசா?"